வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு

"சாப்பாட்டைக் குறை, தினமும் நட, எடை தானாக இறங்கும். இறங்கவில்லையா, ஒன்று நீ திருட்டுத்தனமாகத் தின்கிறாய், இல்லை உனக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது." பருமனாக இருப்பவர்களுக்கு மருத்துவர் முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா வரை எல்லாரும் வழங்கும் தீர்ப்பு இது. சிலர் அக்கறையோடு தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். சிலர் கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்துச் சொல்வார்கள். வாரம் ஒரு முறை போடும் ஊசிகள் வந்த பிறகு இன்னொரு வரியும் இதோடு ஒட்டிக்கொண்டது: "ஊசி போட்டு இளைப்பதெல்லாம் குறுக்கு வழி." இந்தத் தீர்ப்பு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தவறு என்பது என் கட்சி.

எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிட்டே மறுக்கிறேன். அதற்கு மூன்று ஆதாரங்கள் காட்டப்படுகின்றன. முதலாவது இயற்பியல்: உள்ளே போகும் ஆற்றல் செலவாவதைவிடக் குறைந்தால் உடம்பு சேமிப்பிலிருந்து எடுத்தே தீர வேண்டும், இந்த விதியிலிருந்து விலக்குப் பெற்று எந்த மனிதரும் பிறந்ததில்லை. இரண்டாவது அனுபவம்: குறைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள், அலுவலகத்துக்கு ஒருவராவது இருப்பார். மூன்றாவது வரலாறு: நம் தாத்தா பாட்டிக்கும் இதே குடல், இதே ஹார்மோன்தான், அவர்கள் இப்படிப் பெருக்கவில்லையே.

மூன்றும் அற்பமான வாதங்கள் இல்லை. முதலாவதை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால் அந்த விதி வரவும் செலவும் இடிக்காது என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு பசிக்க வேண்டும், எந்தக் கவளத்தோடு போதும் என்று தோன்ற வேண்டும், உண்டதில் எவ்வளவை எரித்து எவ்வளவைக் கொழுப்பாகச் சேர்க்க வேண்டும் என்பதையெல்லாம் யார் முடிவு செய்வது என்று அது வாய் திறப்பதில்லை. என் சண்டை அந்த இடத்தில்தான்.

1. குடலை வெறும் குழாயாகப் பார்ப்பது 1902இலேயே காலாவதியான பார்வை. அந்த ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பெய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரு மைத்துனர்கள், மயக்க மருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியைப் பிரித்து, அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்தார்கள். ரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். செரிமானத்தின் உத்தரவுகள் எல்லாம் நரம்பு வழியே போகின்றன என்பது பாவ்லோவின் புகழ்பெற்ற கொள்கை. அதன்படி எதுவும் நடந்திருக்கக் கூடாது. சற்று நேரத்தில் கணையம் சொட்டத் தொடங்கியது. உடனே குடலின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தத்தில் ஏற்றினார்கள். கணையம் மறுபடி சொட்டியது. அந்தப் பொருளுக்கு செக்ரெடின் என்று பெயர். 'ஹார்மோன்' என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, ரத்தத்தில் தூது போகும் வேதிப்பொருள் என்ற கருத்துக்கே ஊற்று ஒரு துண்டுக் குடல்.

இன்சுலினுக்கு வருவோம். ரத்தத்தில் இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960 வாக்கில் உருவாக்கிக் கொடுத்தார்கள். 1964இல் லண்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வேலை செய்த குழுக்கள் அதை வைத்து ஒரு விசித்திரத்தைக் கண்டன. பின்னால் செம்மைப்படுத்தப்பட்ட வடிவில் அந்தச் சோதனை இப்படி நடக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாள் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துக்கொள்கிறார்கள். இன்னொரு நாள் அதே ஆளைப் படுக்கவைத்து, டிரிப்ஸ் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். முதல் நாள் கோட்டின் ஏற்ற இறக்கம் அப்படியே திரும்ப வரும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு நாளும் ரத்தத்தில் ஒரே சர்க்கரை. கணையம் ரத்தத்தை மட்டும் பார்த்து வேலை செய்கிறது என்றால் இரண்டு நாளும் ஒரே அளவு இன்சுலின் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடித்த நாளில் சுரந்தது இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

மிச்ச இன்சுலினை வரவழைத்தது குடல். சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து ஜிஐபி, கீழ்ப்பகுதியிலிருந்தும் பெருங்குடலிலிருந்தும் ஜிஎல்பி-1 என்ற இரண்டு ஹார்மோன்கள், "சர்க்கரை வந்துகொண்டிருக்கிறது" என்று கணையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. 1986இல் ஜெர்மனியில் மைக்கேல் நவுக் குழுவினர் இதே சோதனையை இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் செய்தபோது, அந்த உபரி இன்சுலின் வெகுவாகக் குறைந்திருந்தது. நோயாளியின் கணையத்துக்குக் குடலின் பேச்சு சரியாக எட்டுவதில்லை. பிறகு தெரியவந்தது: ஜிஐபிக்கு அந்தக் கணையம் கிட்டத்தட்ட காது கொடுப்பதே இல்லை, ஜிஎல்பி-1ஐ அளவு கூட்டிக் கொடுத்தால் கேட்கிறது. அதிலும் ரத்தச் சர்க்கரை உயர்ந்திருக்கும்போதுதான் கேட்கிறது. சர்க்கரை இறங்கிவிட்டால் இன்சுலினை மேலும் தூண்டுவதில்லை. இத்தனை நுணுக்கமாக ஓடும் ஒரு ஏற்பாட்டை "மைசூர்பாகு தின்றாய், வந்தது" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் எந்தக் காலத்து உடலியலைப் படித்தவர்கள்?

2. பசி ஒரு குணக்கேடு என்ற எண்ணம் அடுத்தது. 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்து சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்க அது ரத்தத்தில் ஏறுகிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. மறுபக்கம், உணவு குடலில் இறங்கிப் போகப் போக ஜிஎல்பி-1, பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின் போன்றவை சுரந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, மூளைக்குப் போதும் என்று சொல்கின்றன. 2002இல் லண்டனில் ஸ்டீபன் புளூம் குழுவினர் பிஒய்ஒய்யைச் சிலருக்கு ரத்தத்தில் ஏற்றிவிட்டு பஃபே முன் உட்காரவைத்தார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் அவர்கள் சாப்பிட்டது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் அவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கவில்லை. தியானம் கற்றுக்கொடுக்கவில்லை.

மூச்சை அரை நிமிடம் அடக்கலாம், முனைந்தால் ஒரு நிமிடம்கூட. அதை வைத்து, மூச்சு வாங்குகிறவனுக்கு மனவுறுதி போதாது என்று எவரும் சொல்வதில்லை. பசியையும் ஒரு வேளை, ஒரு வாரம், சிலரால் ஒரு வருடம் அடக்க முடிகிறது. அடக்க அடக்க உத்தரவின் சத்தம் கூடுகிறது. அந்தச் சத்தம் ஆளுக்கு ஆள் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதைப் பிறவியிலேயே ஒல்லியாக இருந்துகொண்டு அறிவுரை சொல்பவர்கள் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு இட்லி மிச்சம் வைப்பது தங்களுக்குச் சுலபம் என்பதைத் தங்கள் பண்பு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

3. "குறைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்களே" என்பவர்கள், குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்க்கட்டும். மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். அதிக எடையுள்ள 50 பேரைப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள், சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. கிரெலின் ஏறியிருந்தது, பிஒய்ஒய், கோலிசிஸ்டோகைனின் போன்ற நிறைவு ஹார்மோன்கள் இறங்கியிருந்தன. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதே. 2011இல் வெளியான அந்த ஆய்வின் முக்கியமான பகுதி, ஒரு வருடம் கழித்து எடுத்த அளவுகள். எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கிய பிறகும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் தணியவில்லை. இளைத்தவரின் உடம்பு, பட்டினி கிடந்து மீண்டவரின் உடம்பு போலவே இழந்ததை மீட்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது.

செலவுப் பக்கத்திலும் இதே கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியில் பங்கேற்ற 14 பேரை கெவின் ஹால் ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016இல் எழுதினார். போட்டியின்போது இவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்தவர்கள். அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. அவர்கள் உடம்பு ஓய்வில் எரிக்கும் ஆற்றலோ, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவு. கேமரா முன்னால் மாதக்கணக்கில் வியர்வை சிந்தி, வாயைக் கட்டி, கண்ணீர் விட்டுக் குறைத்தவர்கள் இவர்கள். இவர்களுக்கும் மனக்கட்டுப்பாடு இல்லை என்று சொல்வீர்களானால், அந்தச் சொல்லுக்கு உங்கள் அகராதியில் என்ன பொருள் என்றே எனக்கு விளங்கவில்லை.

4. எடை குறைக்கும் அறுவை சிகிச்சை வெறும் வாய்க்கட்டு என்றால் பட்டையும் பைபாஸும் ஒரே மாதிரி வேலை செய்திருக்க வேண்டும். இரைப்பையின் மேல்பகுதியில் பட்டை போட்டு இறுக்குவது ஒரு முறை. இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் மேற்பகுதியைத் தாண்டி உணவைக் கீழே இறக்கிவிடும் பைபாஸ் இன்னொரு முறை. இரண்டிலும் கொள்ளளவு சுருங்குகிறது. ஆனால் பைபாஸ் செய்தவர்களிடம் சாப்பிட்டதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் பல மடங்கு எகிறுகின்றன. பட்டை போட்டவர்களிடம் அப்படி நடப்பதில்லை. தற்செயல் ஒற்றுமையாக இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கார்ல் லெ ரூ குழுவினர் குடல் ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் ஆக்ட்ரியோடைட் என்ற மருந்தை இரு சாராருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பைபாஸ்காரர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். பட்டைக்காரர்களிடம் மாற்றமில்லை. அதே சின்ன இரைப்பை, அதே மனிதர், அதே மனவுறுதி. மாறியது ஹார்மோன் மட்டும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ் 1995இல் எழுதிய கட்டுரையையும் இங்கே சொல்ல வேண்டும். பைபாஸ் செய்த சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. முதல் நாட்களில் உணவு மிகக் குறைவாகப் போனதும் இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் "முதலில் எடையைக் குறை, பிறகு சர்க்கரை குறையும்" என்று நாம் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் வரிசை அங்கே தலைகீழாக நடந்தது.

5. "அந்தக் காலத்தில் யார் இப்படி இருந்தார்கள்?" மூன்றிலும் வலுவான கேள்வி இது. மரபணு மாறவில்லை, உண்மை. அப்படியானால் மாறியது மனவுறுதியா? டெக்சஸிலும் குவைத்திலும் மெக்சிகோவிலும் கோயம்புத்தூரிலும் இரண்டே தலைமுறையில், ஒரே நேரத்தில், எல்லாருடைய ஒழுக்கமும் சேர்ந்து சரிந்ததா? சுற்றுச்சூழல் மாறியது என்பதுதான் விடை; அந்தச் சூழல் உடம்புக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று குடல் ஹார்மோன். அதே கெவின் ஹால் 2019இல் 20 பேரை ஒரு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் பொருந்தும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை கூடியது. எளிய உணவு வாரங்களில் பிஒய்ஒய் கூடியிருந்தது, எடை குறைந்தது. ஒரே ஆட்கள். இரண்டு வார இடைவெளியில் அவர்கள் குணம் கெட்டு, மறுபடி திருந்தினார்களா?

ஆகவே உணவைப் பற்றிப் பேசுவதற்கு நான் எதிரி இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பள்ளி வாசலில் விற்பவனை விட்டுவிட்டு, வாங்கித் தின்ற பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவதற்குத்தான் எதிரி.

6. ஒல்லியாக இருப்பவர் ஒழுங்காக இருக்கிறார் என்ற கணக்கும் தப்பு. 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு புகைப்படம் வந்தது: புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின், இரண்டு மருத்துவர்கள் அருகருகே. இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஐசிஎம்ஆர் ஆதரவில் சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் தொந்தி தெரியாதவர்கள் ஏராளம். இவர்களிடம் எந்த வாயைக் கட்டச் சொல்வீர்கள்?

7. கடைசியாக ஊசி. செமாகுளூடைட் ஜிஎல்பி-1இன் நகல். நம் உடம்பின் ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும்; நகல் ஒரு வாரம் தாங்கும். 1,961 பேரிடம் நடந்து 2021இல் வெளியான சோதனையில், 68 வாரத்தில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள், வெறும் ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீதம். எல்லாரும் மேற்கோள் காட்டுவது முதல் எண்ணை. எனக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். ஏனென்றால் இரு சாராருக்கும் ஒரே அறிவுரை தரப்பட்டது: நாளுக்கு 500 கலோரி குறைத்துச் சாப்பிடுங்கள், வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்யுங்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பின்தொடர்ந்து சொன்ன அறிவுரை. 'சாப்பாட்டைக் குறை, நட' கட்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பை யாரும் கொடுக்க முடியாது. விளைச்சல் 2.4 சதவீதம். நூறு கிலோ ஆளுக்கு இரண்டரை கிலோகூட இல்லை.

"நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறதே?" வருகிறது. அதே சோதனையில் ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்திய ஒரு வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. இதை மருந்தின் தோல்வி என்பவர்கள் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அழுத்தத்தை அளந்து பார்க்கட்டும். நிறுத்தியதும் பழைய எடையை நோக்கியே உடம்பு திரும்புகிறது என்பது, ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி. சோம்பேறித்தனத்துக்கு இத்தனை துல்லியம் கிடையாது. இளைப்பது அழகுக்காக என்ற கேலிக்கும் பதில் வந்துவிட்டது: சர்க்கரை நோய் இல்லாத, இதய நோயும் அதிக எடையும் உள்ள 17,604 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைந்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு. பித்தப்பைக் கல் சிலருக்கு. கொழுப்போடு தசையும் கரைகிறது. விலை இன்னொரு கொடுமை. ஜிஐபி, ஜிஎல்பி-1 இரண்டு ஏற்பிகளையும் தூண்டும் டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது குறைந்த அளவு மருந்துப் புட்டி ஒன்று 3,500 ரூபாய், மாதத்துக்கு நான்கு. விலையை எதிர்த்துப் பேசுங்கள், உங்களோடு நானும் நிற்கிறேன். பக்கவிளைவைப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஒழுக்கத்தைப் பேசாதீர்கள்.

இந்தச் சந்தடியில் "இயற்கை ஜிஎல்பி-1" என்று பொடி விற்கப் புறப்பட்டிருக்கும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. காயும் பருப்பும் முதலில், சோறு பிறகு என்று வரிசை மாற்றிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைகிறது என்பது உண்மை, செலவில்லாதது, செய்யலாம். ஆனால் இரண்டு நிமிடத்தில் பாதியாகும் ஹார்மோனைச் சற்றே தூண்டிவிட்டு, வாரம் முழுக்கத் தங்கும் மருந்தின் பலனைத் தருவதாகச் சொல்வது வியாபாரம்.

8. தவறான கருத்து வெறும் கருத்தாக நின்றுவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். அது விதியாக மாறி உட்கார்ந்திருக்கிறது. இந்திய மருத்துவர்கள் ஒருமித்து ஏற்ற வரையறைப்படி நமக்குப் பருமன் பிஎம்ஐ 25இலேயே தொடங்குகிறது. மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலக்குப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்க பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். 35 என்றால் இதய நோயோ, கடுமையான தூக்க மூச்சுத்திணறலோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ சேர்ந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் எளிய முறைகளை முயன்று தோற்றிருக்க வேண்டும். இதயம் கெடும்வரை காத்திருந்துவிட்டு வா என்று வேறு எந்த நோயாளியிடமாவது காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்களா? எளிய முறை என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன 2.4 சதவீத அறிவுரைதான். அதில் எத்தனை முறை, எத்தனை வருடம் தோற்றால் தோற்றதாக ஒப்புக்கொள்வார்கள் என்பதையாவது அந்த விதியை வகுத்தவர்கள் ஒரு வரி சேர்த்து எழுதட்டும்.